ஜிம்மி டேவிஸின் சுவிசேஷ இசையிற் கமவாழ்வு: ஒரு விமர்சன நோக்கு

கிராமிய வாழ்வைப் பொருளாகக் கொள்ளும் இசை, எச்சமூகத்திலும் இருவகைப் பணிகளை ஆற்றுவதுண்டு. உழைக்கும் மக்கள் தமது வாழ்வைத் தாமே இனங்கண்டுகொள்ள உதவுவது ஒன்று. அவ்வாழ்வின் துன்பத்தை அதன் காரணங்களினின்றும் பிரித்தெடுத்து, இனியதொரு நினைவாக மாற்றிக் கொடுப்பது மற்றையது. இவ்விரு பணிகளும் ஒரே பாடகனிடத்தில், ஏன் ஒரே பாடலிற்கூட, ஒருங்கே காணப்படலாம். எனவே கமவாழ்வைப் பாடிய கலைஞனொருவனை மதிப்பிடும்போது அவன் எதைப் பாடினான் என்பதை மாத்திரமன்றி, எதனைப் பாடாது விட்டான் என்பதையும் நோக்குதல் அவசியமாகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலச் சுவிசேஷ இசை மரபிலே புகழ்பெற்றவரும், லூசியானா மாநிலத்தின் ஆளுநராக இருமுறை பதவி வகித்தவருமான ஜிம்மி டேவிஸின் வாழ்வும் பாடலும் இத்தகைய நோக்குக்குப் பெரிதும் இடமளிப்பனவாகும்.

தென்மாநிலச் சுவிசேஷ இசை எனப்படுவது, அமெரிக்கத் தென்பகுதியின் வெள்ளையினப் புரட்டஸ்தாந்துக் கிராம மக்களிடையே வளர்ந்ததொரு பாடல் மரபாகும். சுரங்களை முக்கோணம், சதுரம், வட்டம் முதலிய வடிவங்களாற் குறிக்கும் எளிய முறையொன்றின் மூலம் கிராமங்கள்தோறும் நடத்தப்பட்ட பாட்டுப் பள்ளிகளே இம்மரபின் நாற்றுமேடைகளாக விளங்கின. அறுவடைக்கும் விதைப்புக்கும் இடைப்பட்ட ஓய்வு நாட்களில் கமக்காரர் குடும்பங்களாக இப்பள்ளிகளுக்குச் சென்று நான்கு குரல்களிற் பாடக் கற்றனர். டெனசி மாநிலத்தின் லோறன்ஸ்பேர்க் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் டி. வோன் என்னும் பதிப்பாளர், தமது பாட்டுப் புத்தகங்களை விற்பதற்காக 1910ஆம் ஆண்டில் நால்வர் குழுவொன்றை ஊர்ஊராக அனுப்பினார். தொழில்முறையிலான நால்வர் குழுக்களின் தொடக்கம் இதுவெனக் கொள்வது வழக்கம். ஆகவே பக்தியும் வணிகமும் இவ்விசையில் ஆரம்பந்தொட்டே இணைந்திருந்தன எனலாம். இதே நிலப்பரப்பில், இதே வயல்களில் உழைத்த கறுப்பின மக்கள் தமக்கெனத் தனியானதொரு சுவிசேஷ மரபை வளர்த்தனர். இரண்டும் ஒன்றிடமிருந்து மற்றொன்று பெற்றுக்கொண்டவை பல. ஆயின் பாடியோர் ஒரே ஆலயத்தில் ஒன்றாக அமர்ந்திலர்.

டேவிஸ் 1899ஆம் ஆண்டு வட லூசியானாவில் ஜக்சன் பகுதியிலுள்ள பீச் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோருக்குப் பிள்ளைகள் பதினொருவர். குடும்பம் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டு வாழ்ந்தது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிவுற்று அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின்னர், தென்மாநிலங்களில் வேரூன்றிய உற்பத்தி முறையே இவ்வாரமுறையாகும். நிலமும் குடிசையும் நிலவுடைமையாளருக்குரியன. பெரும்பாலும் விதையும் கோவேறு கழுதையும் அவருடையனவே. குடும்பம் முழுவதும் தன் உழைப்பைக் கொடுக்கும். அறுவடையின் பின்னர் விளைச்சல் பங்கிடப்படும். அதுவரை மாவும் சீனியும் துணியும் உள்ளூர்க் கடையிற் கடனாகப் பெறப்படும். கணக்குப் புத்தகம் கடைக்காரரிடமே இருக்கும். பருத்தி விலை வீழ்ந்த ஆண்டுகளில், குடியானவனின் பங்கு கடனை அடைக்கவும் போதாது. மிகுதிக் கடன் அடுத்த ஆண்டின் கணக்கில் ஏறும். விடுதலைபெற்ற கறுப்பின மக்களைக் கட்டிப்போட்ட இம்முறையில், காலப்போக்கில் நிலமிழந்த வெள்ளையினத்தோரும் பெருந்தொகையினராய்ச் சிக்கினர். வர்க்க நிலையால் ஒரே நுகத்தில் பூட்டப்பட்ட இவ்விரு மக்கட் பிரிவினரும் நிறத்தாற் பிரித்து வைக்கப்பட்டமை, தென்மாநில அரசியலை விளங்கிக்கொள்வதற்கு அடிப்படையான உண்மையாகும்.

இவ்வறுமையினின்றும் டேவிஸ் கல்வியின் துணையால் மீண்டார். லூசியானாக் கல்லூரியிற் பட்டம் பெற்று, பின்னர் 1927ஆம் ஆண்டில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். ஸ்ரீவ்போட் நகரின் மகளிர் கல்லூரியொன்றிற் கற்பித்தார். அவருடைய முதுமாணி ஆய்வு வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தோர் ஆகியோரின் அறிவாற்றலை ஒப்பிட முனைந்ததாகும். நிறத்தை அளவுகோலாகக் கொண்டு மனிதரைத் தரம்பிரிக்கும் போக்கு அக்காலப் பல்கலைக்கழகங்களில் அறிவியலென மதிக்கப்பட்டது. தெருவில் நிலவிய தப்பெண்ணத்துக்கு ஆய்வு மொழி மேலாடை அணிவித்த அவலத்துக்கு இது ஓர் எடுத்துக்காட்டு. ஏழைக் குடியானவனின் மகன் கல்வியின் வாயிலாக வறுமையை விட்டு வெளியேறியபோது, அவ்வறுமையை உண்டாக்கிய சமூக ஒழுங்கின் கருத்துக்களையும் அக்கல்வியிலிருந்தே பெற்றுக்கொண்டான் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் அவருடைய ஆரம்ப இசைத்தட்டுக்கள் வேறொரு கதையைச் சொல்கின்றன. 1929ஆம் ஆண்டு தொடக்கம் விக்டர் நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்த பாடல்கள் பல, கறுப்பின மக்களின் புளூஸ் இசையைத் தழுவியவை. இரட்டுற மொழியும் காமச்சுவைப் பாடல்கள் அவற்றுட் கணிசமானவை. 1932ஆம் ஆண்டு டலஸ் நகரில் நிகழ்ந்த ஒலிப்பதிவில், ஒஸ்கார் வூட்ஸ், எட் ஷாபர் என்னும் கறுப்பினக் கிட்டார்க் கலைஞர் இருவர் அவருடன் வாசித்தனர். நிறத்தார் இருவர் ஒரே மேசையிலிருந்து உண்ண முடியாத ஊரில், ஒரே ஒலிவாங்கியின் முன் அவர்கள் ஒன்றுகூடினர். இசையின் இயல்பான சமத்துவத்துக்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் உளர். அது ஓரளவுக்கே பொருந்தும். பதிவு முடிந்து வெளியேறிய பின்னர் அம்மூவரும் பெற்ற வாய்ப்புகள் சமமானவையாக இருக்கவில்லை. இசைத்தட்டிலே கலந்த குரல்களைச் சமூகம் மீண்டும் பிரித்து வைத்தது. அச்சமூகத்தின் அதிகாரத்துக்குப் பின்னாளில் உரியவரானவர் அவ்விசைத்தட்டின் பாடகரே.

டேவிஸின் பெயரோடு உலகம் இணைத்து அறிந்த பாடல் 'யூ ஆர் மை சன்சைன்' என்பதாகும். அவர் இதனை 1940ஆம் ஆண்டு டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். பதிப்புரிமை அவர் பெயரிலும் சார்ள்ஸ் மிற்சல் பெயரிலும் பதிவாயிற்று. ஆயின் அதற்கு முந்திய ஆண்டிலேயே வேறு குழுவினர் அப்பாடலை இசைத்தட்டில் வெளியிட்டிருந்தனர். போல் றைஸ் என்னும் இசைக்கலைஞரிடமிருந்து பாடலின் உரிமை விலைக்கு வாங்கப்பட்டது என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. அக்கால இசை வணிகத்தில் இது சட்டத்துக்குப் புறம்பானதன்று, வழக்கிலிருந்த முறையே. எனினும் வாரமுறையை நினைவிற்கொண்டு நோக்குவோருக்கு இங்கு ஓர் ஒப்புமை புலப்படாமற் போகாது. விளைத்தவன் ஒருவன், விளைச்சலுக்கு உரியவன் வேறொருவன் என்னும் நியதியின் கீழ்ப் பிறந்து வளர்ந்த ஒருவர், பாட்டுலகில் உரியவரின் இடத்தில் அமர்ந்துவிட்டார்.

அப்பாடலே அவரை அரசியலின் உச்சிக்கும் இட்டுச் சென்றது. 1944ஆம் ஆண்டு ஆளுநர் தேர்தலில் அவர் மேடைதோறும் இசைக்குழுவுடன் தோன்றினார். எதிரணியினரின் வசைகளுக்குப் பதிலாகப் பாடினார். அவருடைய பழைய காமச்சுவை இசைத்தட்டுக்களை எதிரிகள் கூட்டத்தில் ஒலிக்கவிட்டபோது மக்கள் வெகுளாமல் ஆடத் தொடங்கினர் என்றொரு கதையும் வழங்குகின்றது. முதலாவது ஆட்சிக்காலம் முற்றிலும் குறைகூறத்தக்கதன்று. தொழிற்சங்கங்களை நலிவுறச் செய்யும் நோக்குடைய சட்டமூலமொன்றை அவர் 1946இல் தம் மறுப்பதிகாரத்தால் தடுத்தார். அதேவேளை பதவியிலிருந்துகொண்டே ஹொலிவூட் சென்று, தம் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு 1947இல் வெளிவந்த 'லூசியானா' என்னும் திரைப்படத்தில் தாமாகவே நடித்தார். வாரக்குடியானவனின் மகன் ஆளுநரான வரலாறு திரையிலும் மேடையிலும் திரும்பத் திரும்பக் கூறப்பட்டது. ஒருவன் ஏறிய ஏணி எல்லாருக்கும் உரிய ஏணியென்ற மயக்கத்தை அது மக்களிடையே வளர்த்தது.

1950களில் டேவிஸ் பெரிதும் சுவிசேஷப் பாடகராகவே அறியப்பட்டார். இம்மாற்றத்தை மனந்திரும்புதல் என்பாரும், வணிக உத்தி என்பாரும் உளர். ஒருவரின் பக்தியை அளக்கும் கருவி விமர்சகரிடம் இல்லை. அளக்கத்தக்கது பாடலின் பொருள் மாத்திரமே. அவ்வகையில் ஐரா ஸ்டான்பில் இயற்றி, டேவிஸின் குரலாற் பெரும் புகழெய்திய 'சப்பர் டைம்' என்னும் பாடல் விரிவாக நோக்கற்பாலது. அந்தி நேரத்தில் தாயொருத்தி தன் சிறுமகனை இராவுணவுக்கு வருமாறு வீட்டிலிருந்து அழைக்கிறாள். மகன் வளர்ந்து முதுமையடைந்த பின்னர், அதே அழைப்பு மோட்சத்தினின்றும் அவன் செவியில் விழுகின்றது. தாய், வீடு, மேசை, மோட்சம் என்னும் நான்கும் ஒன்றுள் ஒன்றாக அமைகின்றன. டேவிஸ் இதனை உரத்துப் பாடவில்லை. அவசரமின்றி, அயலவரோடு பேசுவதுபோன்ற தொனியில், இடையே உரைநடையாகவும் பேசிச் செல்கின்றார். பயிற்சி பெற்ற குரலின் ஆடம்பரம் எதுவுமில்லை. வயலிலிருந்து வந்து கைகால் கழுவி அமர்ந்த ஒருவனின் ஆறுதல் அக்குரலில் உண்டு. நகரத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்ந்து, விட்டுவந்த வீட்டை எண்ணி ஏங்கிய ஆயிரக்கணக்கான தென்மாநிலத்தவரின் உள்ளத்தை இப்பாடல் தொட்டமை வியப்பன்று.

இப்பாடலின் அழகை மறுப்பது விமர்சனமாகாது. அழகெனக் கண்டு அவ்வளவில் நின்றுவிடுவதும் விமர்சனமாகாது. பாடலிலே மேசை இருக்கின்றது, மேசைமேல் வைக்கப்படும் உணவு எவ்வாறு வந்தது என்பது இல்லை. அந்தி இருக்கின்றது, அந்திவரை நீண்ட வேலை இல்லை. தாயின் குரல் இருக்கின்றது, கடைக்காரரின் கணக்குப் புத்தகம் இல்லை. குழந்தைப் பருவத்து வறுமை, காரணம் அகற்றப்பட்டு, தூய்மையான நினைவாக மாத்திரம் எஞ்சுகின்றது. இத்தகைய நினைவு யாரையும் குற்றஞ்சாட்டாது. ஆகவே நிலவுடைமையாளரும் குடியானவரும் அதனை ஒருங்கே கேட்டுக் கண்கலங்க முடிந்தது.

இக்குறைபாடு கலையின் எல்லைக்குள் அடங்கியதொன்றாயின் அதனை இவ்வளவு வலியுறுத்த வேண்டியதில்லை. 1960ஆம் ஆண்டு அது அரசியலிற் சோதிக்கப்பட்டது. பாடசாலைகளில் நிறப்பிரிவினை அரசியலமைப்புக்கு மாறானதென ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்திருந்தது. பிரிவினையைக் காப்பதாக வாக்குறுதியளித்தே டேவிஸ் இரண்டாம் முறை ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டு வென்றார். அவர் பதவியேற்பதற்குச் சில வாரங்களின் முன்னர், அவ்வாண்டு மார்ச் மாதத்தில், பேட்டன் றூஜ் நகரின் சதர்ன் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட உணவுச்சாலை இருக்கைகளில் அமைதியாக அமர்ந்தனர். அவர்கள் கைதுசெய்யப்பட்டனர், பல்கலைக்கழகத்தினின்றும் நீக்கப்பட்டனர். அவர்கள் மீதான தண்டனையை உச்ச நீதிமன்றம் 1961 டிசெம்பரில் இரத்துச் செய்தது. நவம்பர் 14ஆம் நாள் நியூ ஓலியன்ஸ் நகரில் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமியர் நால்வர், அதுவரை வெள்ளையருக்கு மாத்திரம் உரியனவாயிருந்த இரு பாடசாலைகளுள் சமஷ்டி அதிகாரிகளின் காவலோடு நுழைந்தனர். அதைத் தடுப்பதற்காக டேவிஸ் மாநிலச் சட்டசபையை விசேட கூட்டத்துக்கு அழைத்தார். அங்கு நிறைவேறிய பிரிவினைச் சட்டங்களைச் சமஷ்டி நீதிமன்றம் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லுபடியற்றனவாக்கியது.

இவற்றினும் கொடியது அதே ஆண்டிற் கொணரப்பட்ட பொதுநல உதவிச் சட்டமாகும். உதவி பெறத் தொடங்கிய பின்னர் திருமண உறவுக்குப் புறம்பாகப் பிள்ளை பெற்ற தாயின் வீடு 'உகந்த வீடு' அன்று எனக் கொள்ளப்பட்டு, அவ்வீட்டுக் குழந்தைகளுக்குரிய உதவிப் பணம் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 23,000 குழந்தைகள் அப்பட்டியலினின்றும் நீக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பான்மையினர் கறுப்பினக் குழந்தைகள். பிரிவினைச் சட்டங்களின் தொகுதியொன்றின் பகுதியாகவே இதுவும் நிறைவேற்றப்பட்டமை, இதன் உண்மை நோக்கத்தைப் புலப்படுத்தும். பசித்த குழந்தைகளுக்குத் தன்னார்வ அமைப்புகள் உணவு சேகரித்து வழங்க நேர்ந்தது. வெளிநாடுகளிலும் கண்டனம் எழுந்தது. உகந்ததல்லாத வீட்டிலே வாழ்கிறது என்ற காரணத்தால் மாத்திரம் குழந்தைக்கு உதவி மறுத்தல் ஆகாதென 1961 ஜனவரியிற் சமஷ்டி அரசு விதித்தது. தாய் மகனை இராவுணவுக்கு அழைக்கும் பாடலை நாடெங்கும் பாடிய குரலுக்குரியவரே, பல்லாயிரம் தாய்மாரின் மேசையை வெறுமையாக்கிய சட்டத்துக்குப் பொறுப்பான ஆளுநருமாவார்.

இதனை வெறும் பாசாங்கு எனக் கூறி அமைதல் எளிது. அவ்வாறு கூறுவோர் பாடலை மெய்யெனவும் பாடகரைப் பொய்யரெனவும் பிரித்துவிடுகின்றனர். இதற்கு நேர்மாறாக, பாடகர் வேறு அரசியல்வாதி வேறு என்று வாதிட்டு, இசையைத் தனியாகச் சுவைக்க விரும்புவோரும் உளர். இரு சாராரும் ஒரே தவறையே செய்கின்றனர். டேவிஸ் பாடியதை நம்பிப் பாடியிருக்கலாம். அப்பாடலின் மேசை யாருக்கு உரியது என்ற வினாவை அது எழுப்பாமையே இங்கு கருதத்தக்கது. வறுமைக்குக் காரணம் கூறாத பாடல், அவ்வறுமையைப் பகிர்ந்துகொண்ட பிறரையும் காட்டுவதில்லை. பீச் ஸ்பிரிங்ஸின் வெள்ளைக் குடியானவனும் அவனுக்கு அயலில் அதே பருத்தியைக் கொய்த கறுப்பினக் குடியானவனும் ஒரே கணக்குப் புத்தகத்தில் அடிமைப்பட்டிருந்தனர் என்பதை அது நினைவிற் கொள்ளுமாயின், பின்னவனுடைய பிள்ளையை மேசையினின்றும் விலக்கும் அரசியலுக்கு அப்பாடல் பின்னணி இசையாகியிராது. இதற்கு மாறாக, கறுப்பின மக்கள் தமது ஆலயப் பாடல்களை அதே ஆண்டுகளில் போராட்டப் பாடல்களாக மாற்றிச் சிறைச்சாலைகளிலும் ஊர்வலங்களிலும் பாடினர். ஆகவே மோட்சத்தைப் பாடுவது இயல்பாகவே மக்களை உறங்கச் செய்யும் என்பதும் முழு உண்மையாகாது. பாடுவோர் தமது வாழ்வின் காரணங்களை அறிந்து பாடுகின்றனரா என்பதைப் பொறுத்தே பாடலின் பயன் அமைகின்றது.

டேவிஸின் குடும்ப வாழ்வும் இத்தொடர்பில் நோக்கத்தக்கது. முதல் மனைவி அல்வேர்ன் 1967இற் காலமானார். மறு ஆண்டு அவர் மணந்த அன்னா காட்டர் கோர்டன், 'சக் வாகன் காங்' என்னும் புகழ்பெற்ற சுவிசேஷக் குழுவின் பாடகியாவார். டெக்சஸ் மாநிலத்தில் பருத்தி கொய்து பிழைத்த காட்டர் குடும்பத்தில், நோயுற்ற பிள்ளைக்கு மருந்து வாங்கவும் வழியற்ற நிலையிலேயே தந்தை டி. பி. காட்டர் 1935இல் லபக் நகர வானொலி நிலையத்தின் கதவைத் தட்டினார் என்பர். அடுத்த ஆண்டு போட் வேர்த் நகரில் மாவுக் கம்பனியொன்றின் விளம்பர ஆதரவிற் பாடிய இக்குடும்பம், அதே ஆண்டில் இசைத்தட்டுக்களும் வெளியிடத் தொடங்கியது. தந்தையும் மகனும் இரு மகள்மாரும் ஒற்றைக் கிட்டாரின் துணையோடு பாடிய அப்பாடல்களிற் காணப்படும் கட்டிறுக்கம் டேவிஸின் பாடல்களில் இல்லை. டேவிஸின் தனிக்குரல் கடந்துபோன வீட்டைத் திரும்பிப் பார்க்கின்றது. காட்டர் குடும்பத்தின் நான்கு குரல்களோ, உழைப்பின்போது ஒருவரையொருவர் தாங்கும் கைகள்போல ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கூட்டுழைப்பின் வடிவம் பாடலின் வடிவத்திலே தங்கிவிட்டது எனலாம். வறுமையின் நினைவை அதன் சொற்களிலன்றி அதன் இசையமைப்பிலே காப்பதும் கலைக்கு இயலுமென்பதற்கு இக்குழு சான்றாகும்.

1964இற் பதவி நீங்கிய டேவிஸ் 1971இல் மீண்டும் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். 'சன்சைன்' பாடல் 1977இல் லூசியானாவின் மாநிலப் பாடல்களுள் ஒன்றாக்கப்பட்டது. தென்மாநிலச் சுவிசேஷ இசையின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் 1997இல் இடம்பெற்றது. 2000ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், நூற்றொரு வயதில், அவர் காலமானார். பிறந்த ஊருக்கு அண்மையில் அவர் பெயராலான வழிபாட்டுக் கூடமொன்று உண்டு. அங்கு சுவிசேஷப் பாடற் கூட்டங்கள் நிகழ்வதுண்டு. அங்கேயே அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவ்விடத்தில், அவர் பிறந்த காலத்துக் குடும்ப வீட்டின் மாதிரியொன்றும் பழைய பலசரக்குக் கடையொன்றும் அமைந்துள்ளன.

வீடும் கடையும் அருகருகே நிற்கும் அக்காட்சி, டேவிஸின் பாடல்கள் கூறாத பொருளைக் கூறவல்லது. வாரமுறைக் காலத்தில் அத்தகைய வீட்டில் வாழ்ந்தோரின் உழைப்பு அத்தகைய கடைகளின் கணக்கிலேயே கரைந்தது. காண வருவோர் வீட்டைக் கண்டு நெகிழ்வதும் கடையைக் கண்டு மகிழ்வதும் இயல்பு. அவ்விரண்டுக்கும் இடையிலிருந்த உறவைக் கண்டுகொள்ளச் செய்வது பாடலின் பணியாக இருந்திருக்கலாம். டேவிஸ் அதனைச் செய்யவில்லை. அவர் விட்ட இடத்தில் தொடங்கவேண்டியது விமர்சனத்தின் பொறுப்பாகும். ஒரு கலைஞன் ஏழையாகப் பிறந்தான் என்பது அவன் கலை ஏழைகளுடையது என்பதற்குப் போதிய சான்றாகாது. தன் பசியை நினைவுகூரும் பாடல் அயலவன் பசியையும் நினைவுகூர்கின்றதா என்பதே, கமவாழ்வைப் பாடும் எந்த இசையிடத்தும் கேட்கப்படவேண்டிய வினா.